கூவிகளுக்கு ‘வரேன்’ தெரியாது

ஓத நிலையம் 9, சங்குமேடு.
நிலையப் பதிவேடு. எழுதுபவர்: சிங்காரவடிவேல், ஓத அளவையாளர்.

பதிவு 1
2087 நவம்பர் 17, காலை 6.10

காற்றழுத்தம் 1003 மில்லிபார், இறங்குமுகம். வாடைக் காற்று மணிக்கு 38 கிலோமீட்டர். தூண் அளவுகோலில் கடல் 2.1 மீட்டர். புயல் நாளை மறுநாள் கரையேறும் என்கிறது வானொலி. வானொலி எதைச் சொன்னாலும் அதில் ஒரு நாளைக் கழித்துக்கொள்வது என் வழக்கம்.

இந்தப் பதிவேட்டை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். இந்த வீடு பதினான்கு தூண்களின் மேல் நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கே உப்பளம் இருந்ததாம். இப்போது நாலு பக்கமும் கடல். வடக்கே ஆறு கிலோமீட்டரில் பாலக்குடி முகாம். தெற்கே இரண்டு கிலோமீட்டரில் ஆளில்லாத எட்டாம் நிலையம். மூன்றையும் ஒரு கல்பாதை இணைக்கிறது. ஓதத்தில் கடல் ஏறினால் பாதை முழுகிவிடும். வீட்டில் இரண்டே பேர். கடலை அளப்பது நான். என்னைத் தவிர இங்குள்ள எல்லாவற்றையும் ஓட வைப்பது என் மனைவி நீலாயதாட்சி. என்னையும் அவள்தான் ஓட வைக்கிறாள் என்று அவள் சொல்வாள்.

நேற்றைய வேலை: கூரைத் தகடுகளைக் கம்பி வடம் போட்டு இழுத்துக் கட்டினோம். எட்டு ஜன்னல் ஷட்டர்களுக்கும் கிரீஸ் வைத்தோம். கீழ்த்தளத்தில் அறுபது மணல் மூட்டை. பேட்டரிகளைப் பரணுக்கு ஏற்றியாயிற்று. பின்பக்க ஏணியை நான் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். முன்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு மூடி வைத்த சாமான் பெட்டி ஒன்று இருக்கிறது. முகாம் ஆட்கள் வெளிமூடியைத் திறந்து சாமானை வைத்துவிட்டுப் போவார்கள், நாங்கள் உள்மூடியைத் திறந்து எடுத்துக்கொள்வோம். அதன் உள்மூடிக்கும் ஒரு பூட்டு போட்டேன்.

நீலா சிரித்தாள். புயலுக்குப் பூட்டு போடும் ஒரே மனுஷன் நான்தானாம். வீட்டைப் புயலுக்குத் தயார் செய்வது பெரிய வித்தை இல்லை, தண்ணீர் எங்கே நுழையும் என்று யோசித்தால் போதும். வீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள யார் நுழைவான் என்றும் யோசிக்க வேண்டும். அதை யோசிக்க இந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை.

பதிவு 2
நவம்பர் 17, காலை 9.30

1001 மில்லிபார். கீழறைப் பம்பின் ரப்பர் வளையம் விரிசல் விட்டிருக்கிறது. பேட்டரி வடங்கள் அந்த அறை வழியாகத்தான் வருகின்றன. பம்ப் நின்றால் அறை நிரம்பும், வடம் புகையும், விளக்கும் ஷட்டர் மோட்டாரும் நின்றுபோகும். அப்புறம் வீடு சும்மா ஒரு டப்பா. புது வளையம் முகாமில்தான் கிடைக்கும். நீலா பேட்டரிப் படகில் கிளம்பினாள். நான் போகிறேன் என்றேன். எனக்கு வளையத்துக்கும் வளையலுக்கும் வித்தியாசம் தெரியாது என்றாள். அது உண்மைதான்.

கிளம்பும்போது வாசல் மைக்கில் பதிவானது:

“உப்புமா மூடி வெச்சிருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள சாப்புடுங்க. ஒங்க மூக்குக்கண்ணாடிக்கு ஆணி கெடைச்சா வாங்கியாரேன். வரேங்க.”

‘வரேங்க’வுக்கு முன்னால் ஒரு இருமல். மூன்று நாளாக அவளுக்குச் சளி. நான் பதில் சொல்லவில்லை. மூன்றாவது தாழ்ப்பாள் இறுகிக்கொண்டு உயிரை வாங்கியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் சாமான்களை எல்லாம் வழக்கம்போலப் பூத்தொடுக்கிற முடிச்சில் கட்டியிருந்தாள். கம்பி வடத்தைக்கூட அவள் அந்த முடிச்சில்தான் கட்டுவாள். நான் கேலி செய்வேன். ஆனால் அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

கூவிகளைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும். இருபது வருடம் முன்னால் புயல் மீட்புக்கென்று செய்த இயந்திரங்கள். ஆறு சக்கரம், தண்ணீரில் மிதக்கும், முன்னால் இழுக்க ஒரு கொக்கி, மின்சாரம் உறிஞ்ச ஒரு நாக்கு. கை கிடையாது. இடிபாட்டில் கிடப்பவர்கள் பயப்படாமல் பதில் கொடுக்க, அவரவர் வீட்டு மனிதர்களின் குரலிலேயே கூப்பிடும்படி செய்தார்கள். திட்டம் நின்றது. இயந்திரங்களைத் திரும்பக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. அவற்றுக்கு வேண்டியது சார்ஜ். தெரிந்த குரலில் கூப்பிட்டால் கதவு திறக்கும், உள்ளே பேட்டரி இருக்கும் என்பதைத் தாமாகவே கற்றுக்கொண்டன. தெருவில் கூவி விற்பவர்களைப் போல வாசலில் நின்று கூப்பிடுவதால் இந்தக் கரையில் அவற்றுக்குக் கூவி என்று பெயர்.

போன வருடம் ஏழாம் நிலையத்தில் புயல் நடுவே ஒரு கூவியை உள்ளே விட்டுவிட்டார்கள். அரை மணியில் பேட்டரி காலி. பம்ப் நின்றது. அங்கிருந்த இரண்டு பேரையும் கீழறையில் பிணமாகத்தான் கண்டெடுத்தோம்.

கடவுச்சொல் வைத்துப் பார்த்தாயிற்று. கூவி தூண்களுக்கு நடுவே நாள்கணக்கில் கிடந்து காது கொடுக்கும். வாசலில் ஒரு தரம் சொன்ன வார்த்தை அதற்கும் சொந்தமாகிவிடும்.

பதிவு 3
நவம்பர் 17, பிற்பகல் 3.20

998 மில்லிபார். தூறல். இன்று ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

2.50க்கு வாசலில் முகாம் வயர்லெஸ்காரன் ஜெபமாலையின் குரல். மைக் பதிவு:

“சார், நான் ஜெபமாலை. கதவத் தொறங்க சார், நனையிறேன். பேட்டரி செக் பண்ணச் சொல்லி உத்தரவு.”

“இப்ப முடியாது. நாளைக்கு வாய்யா.”

“சரி சார். நான் போறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெபமாலை என்னோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினாலும் ‘வரேன் சார்’ என்றுதான் சொல்வான். இந்தக் கரையில் வாசலில் நின்றுகொண்டு ‘போறேன்’ என்று எவன் சொல்வான்? அது திரும்பி வராத போக்குக்கு உள்ள சொல். பரணுக்கு ஓடி இடுக்கு வழியாகப் பார்த்தேன். கல்பாதையில் ஆறு சக்கரம் உருண்டுகொண்டிருந்தது.

கூவிக்குப் பாடம் எடுத்தவர்கள் அகராதியை வைத்து எடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கிளம்பினால் ‘போ’, வந்தால் ‘வா’. கிளம்புகிறவன் ஏன் ‘வரேன்’ என்கிறான் என்று அதற்கு எப்படித் தெரியும்? இனிமேல் எந்தக் குரல் வந்தாலும் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியது, எப்படி விடைபெறுகிறது என்று கேட்க வேண்டியது. அவ்வளவுதான் சோதனை.

சந்தோஷம் தாங்கவில்லை. ஒலிபெருக்கியைப் போட்டு அது போகிற திசையில் கத்தினேன்: “அடேய் தகர டப்பா! மனுசன்னா கெளம்பும்போது ‘வரேன்’னு சொல்லுவான்டா! அதுகூடத் தெரியாம ஏமாத்த வந்துட்டியா?” பாதையில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது. உப்புமா ஆறித்தான் போயிருந்தது. சாப்பிட்டேன்.

பதிவு 4
நவம்பர் 17, மாலை 5.45

996 மில்லிபார். காற்று 55. வயர்லெஸ்:

“ஒம்பதாம் நெலையம், பாலக்குடி பேசறேன். அக்கா பத்திரமா வந்து சேந்தாச்சு சார். காத்து ஏறிடுச்சு, காலையில அனுப்பி வெக்கிறோம். ஓவர்.”

இது எந்த ஜெபமாலை என்று எனக்குச் சந்தேகம். நீலாவைப் பேசச் சொல் என்றேன்.

“வளையம் கெடைச்சிடுச்சுங்க. ஆணியும் ஆப்ட்டுச்சு. பயந்துகிட்டே ஒக்காந்திருக்காம படுங்க. காலையில வரேங்க.”

கடைசிச் சொல்லைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அவள்தான்.

சோதனையைப் பற்றி அவளிடம் சொல்லலாமா என்று மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சொல்லவில்லை. வயர்லெஸ்ஸைக் கூவியும் கேட்கும். சொல்லிவிட்டால் அதுவும் இன்னொரு கடவுச்சொல் ஆகிவிடும். எனக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு.

பதிவு 5
நவம்பர் 18, காலை 7.20

991 மில்லிபார். காற்று 80. கடல் 2.9 மீட்டர். புயல் இன்று பகலிலேயே கரையேறும் என்று வானொலி இப்போது மாற்றிச் சொல்கிறது. நான் முதல் பதிவில் எழுதியதைப் பார்த்துக்கொள்ளவும்.

வாசல் கேமரா விடியற்காலையில் பிய்த்துக்கொண்டு போயிற்று. கதவுத் துளைக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் பீச்சி அடித்தது. பிசின் வைத்து அடைத்துவிட்டேன். கதவும் முழுக்க உருண்டு திறக்கிற இரும்புக் கதவு. நாலு விரல் இடுக்கு கொடுத்தால் போதும், கூவி கொக்கியை விட்டு மீதியைத் திறந்துவிடும். ஆக, இனி வெளியே என்ன நிற்கிறது என்று பார்க்க வழி கிடையாது. குரல் மட்டும்தான்.

வயர்லெஸ், 7.05:

“நான் வேணாம்னுதான் சொன்னேன் சார். அக்கா கேக்கல. வளையம் போய்ச் சேராட்டி பம்ப் நின்னுடும், வீடு முழுகிடும், அவரு தனியா இருக்காருன்னு ஆறே முக்காலுக்குப் படக எடுத்துட்டாங்க. ஓவர்.”

இவ்வளவு காற்றில் அவளை ஏன் விட்டான்? இல்லை, அவள் இன்னும் அங்கேயே இருக்கிறாளா? நான் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும் என்பதற்காக யாரோ இப்படிச் சொல்கிறார்களா? திரும்பக் கூப்பிட்டேன். வெறும் இரைச்சல்.

பதிவு 6
நவம்பர் 18, காலை 10.05

984. காற்று 105. எட்டரைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கீழே தூண்களுக்கு நடுவே உரசுகிற சத்தம். இரண்டு இருக்கும் என்று நினைக்கிறேன். அலைக்கு ஒதுங்கிக் கிடக்கின்றன.

9.50க்கு வயர்லெஸ்ஸில் துண்டு துண்டாக: “...படகு கல்பாதை மேல... கவுந்து... அக்கா...” அத்தோடு வயர்லெஸ் கம்பம் சாய்ந்துவிட்டது.

படகு கவிழ்ந்தது நிஜமா, அதை எனக்குச் சொல்வது யார் என்று எதுவும் தெரியவில்லை. கீழே கிடப்பவற்றுக்கு இப்போது என் பயம் தெரியும். என்னிடம் எந்தக் குரலில் வர வேண்டும் என்பதும் தெரியும்.

பதிவு 7
நவம்பர் 18, முற்பகல் 11.50

11.32 முதல் 11.44 வரை வாசல் மைக் பதிவு. ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

“ஏங்க! ஏங்க, நாந்தான். தொறங்க.”

“யாரு?”

“யாரா? நீலா. படகு கவுந்துடுச்சு. கல்பாதையத் தடவித் தடவி நடந்து வந்தேன். கால்ல நல்லா வெட்டிடுச்சு. மொதல்ல தொறங்க, அப்புறம் கேளுங்க.”

“நம்ம கல்யாணத்துல என்ன சண்ட?”

“இப்பக் கேக்குற கேள்வியா இது? ரசத்துல உப்பில்லன்னு ஒங்க சித்தப்பா எலையிலேர்ந்து எந்திரிச்சாரு. போதுமா? தொறங்க.”

சரியான பதில்தான். ஆனால் அந்தக் கதையை இந்தக் கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் எத்தனை தரம் பேசிச் சிரித்திருக்கிறோம். தரைக்கு அடியில் கிடப்பது கேட்டிருக்காதா? இன்னொன்றையும் கவனித்தேன். மூன்று நாளாக இருமினவள் இப்போது ஒரு தரம்கூட இருமவில்லை.

“முன்கதவு சிக்கிக்கிச்சு. பின்பக்க ஏணியில ஏறி வா.”

“ஏணியத்தான் நீங்களே கழட்டி உள்ள வெச்சிட்டீங்களே.”

அதுவும் சரிதான். ஆனால் நான் ஏணியைக் கழற்றியபோது கூவி கீழே கிடந்து கேட்டிருக்கலாம்.

“ஓ. சோதிக்கிறீங்களா?”

நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

“பால்காரர சந்தேகப்பட்டீங்க. எங்கண்ணன சந்தேகப்பட்டீங்க. மீட்டர் பாக்க வந்த பொண்ணக்கூட விடல. எல்லாத்துக்கும் சிரிச்சிட்டுப் போனேன். முப்பத்தோரு வருசங்க. இன்னிக்கு நானுமா?”

“நீ யாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“அது எனக்குத் தெரியலங்க.”

சாமான் பெட்டியின் வெளிமூடி படபடவென்று அடித்தது. நெம்பிப் பார்க்கிறது என்று நினைத்து உள்மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“படியில அலை அடிக்குது, நிக்க முடியல. பாதையில தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. எட்டாம் நெலையம் வரைக்கும் நடந்து பாக்குறேன். நீங்க தொறக்க வேணாம், உள்ளயே இருங்க. சரி. நான் போறேங்க.”

பதிவு 8
நவம்பர் 18, நண்பகல் 12.10

978. காற்று 120.

பிடித்துவிட்டேன். ‘போறேங்க’ என்றது. அழுதது, கோபப்பட்டது, கல்யாணச் சமையல் வரை சொல்லியது, கடைசியில் அந்த ஒரு சொல்லில் கோட்டை விட்டது. நீலா வாயிலிருந்து அந்தச் சொல் வராது. இந்த வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது.

நீலா முகாமில்தான் இருக்கிறாள். சூடாக டீ குடித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். புயல் ஓய்ந்ததும் வருவாள். இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

‘ங்க’ போட்டு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனது. அது மட்டும் காதிலேயே நிற்கிறது.

பதிவு 9
நவம்பர் 18, பிற்பகல் 1.25

972. பம்ப் திணறுகிறது. கீழறையில் கணுக்கால் அளவு தண்ணீர்.

கூடத்திலும் ஈரம். சாமான் பெட்டி வழியாகக் கசிகிறது. வெளிமூடி சரியாக மூடியிருக்கவில்லை. துணி அடைக்கலாம் என்று உள்மூடியின் பூட்டைத் திறந்தேன்.

உள்ளே ஒரு பொட்டலம். நீல மழைக்கோட்டின் தொப்பியைக் கிழித்துச் சுற்றியிருந்தது. அதே தொப்பியின் கயிற்றால் கட்டியிருந்தது. பூத்தொடுக்கிற முடிச்சு. மூன்று முடிச்சு.

பம்ப் வளையம். காகிதத்தில் மடித்த ஒரு சின்ன ஆணி. இருமல் மாத்திரை அட்டை ஒன்று, அதில் நாலு மாத்திரை குறைகிறது.

கூவிக்குக் கை கிடையாது.

பதிவு 10
நவம்பர் 18, பிற்பகல் 2.50

உடனே கதவைத் திறந்தேன். மூன்று தாழ்ப்பாளும் ஒரே நொடியில் வந்தன. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு படியிறங்கினேன். தண்ணீர் மார்புக்கு மேல். கல்பாதை தெரியவில்லை. நாற்பது மீட்டர் கயிறு தீரும் வரை போனேன். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு அலை என்னைத் தூக்கிப் படியில் கொண்டுவந்து அடித்தது. வந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் கூப்பிட்டேன். நீலா, நான் தொறந்துட்டேன், திரும்பி வா, நீலா. கதவை மூடாவிட்டால் வீடு நிரம்பிவிடும் என்ற நிலை வந்தபோது மூடினேன். அதற்கும் எனக்கு மனம் வந்தது பாருங்கள்.

வளையத்தை மாட்டினேன். வளையத்துக்கும் வளையலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் மாட்டியும் சரியாகப் பொருந்தியது. பம்ப் ஓடுகிறது. தண்ணீர் இறங்குகிறது. அவள் கொண்டுவந்ததால் நான் முழுகாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எட்டாம் பதிவில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். இந்த வீட்டில் அந்தச் சொல் கிடையாது என்று. கல்யாணமான நாலாம் வருடம் அவள் அண்ணனை நான் திருடன் என்றேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று ‘நான் போறேங்க’ என்றாள். இதே மாதிரி, மரியாதையாக, கத்தாமல். ஐந்து மாதம் வரவில்லை. நானே போய் அண்ணன் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தேன். அன்றிலிருந்து கடைக்குப் போனாலும் ‘வரேங்க’ என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சொல்வாள், என் முகம் தெளிவதைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவாள். திரும்பி வர மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தால் மட்டும் சொல்கிற சொல் அது. எனக்கு அது தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று இப்போதுதான் உறைக்கிறது. நேற்று நான் ஒலிபெருக்கியில் கத்தினேன். மனுசன்னா ‘வரேன்’னு சொல்லுவான்டா என்று. கூவி நின்று கேட்டது. கேட்டதை அது மறக்காது. சோதனையை நானே ஊருக்கெல்லாம் கேட்கும்படி அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நீலாவிடம் மட்டும் மறைத்தேன். ஆக, இன்று என் வாசலில் கூவி நின்றிருந்தால் ‘வரேன்’ என்றிருக்கும். ‘போறேன்’ என்று சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: உங்கள் வாசலில் யாராவது வந்து நின்றால் சாமான் பெட்டிக்குள் கையை நீட்டச் சொல்லுங்கள். கையைத் தொட்டுப் பாருங்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எனக்கு அது தோன்றவில்லை. நான் கண்டுபிடித்த சோதனைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கண்ணாடிக்கு ஆணியை மாட்டினேன். சரியான அளவு.

பதிவு 11
நவம்பர் 18, மாலை 4.15

958. காற்று திடீரென்று நின்றுவிட்டது. புயலின் கண் மேலே இருக்கிறது. பரண் இடுக்கில் வெயில் தெரிகிறது. இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும்.

பரணிலிருந்து தெற்கே பார்த்தேன். எட்டாம் நிலையம் இருந்த இடத்தில் இரண்டு தூண் நிற்கிறது. வீடு இல்லை. கல்பாதை முழுக்கப் பார்த்தேன். புதுக் கண்ணாடி ஆணியோடு நன்றாகத் தெரிகிறது. எதுவும் இல்லை.

4.08க்குப் படியில் சக்கரம் ஏறும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறும் ஏறின. வாசல் மைக்:

“ஏங்க.”

மைக் பக்கம் போய் நின்றேன்.

“ஏங்க. நாந்தான். கதவத் தொறங்க.”

அவள் குரல்தான். சக்கரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதும், நாக்கை உள்ளே இழுத்து வெளியே நீட்டும் ‘டிக்’ சத்தமும் கூடவே கேட்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தேகம் இல்லாமல் இருக்கிறேன்.

போ என்றேன். போய்விடு, இங்கே யாரும் இல்லை என்றேன். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு:

“உப்புமா மூடி வெச்சிருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள சாப்புடுங்க. ஒங்க மூக்குக்கண்ணாடிக்கு ஆணி கெடைச்சா வாங்கியாரேன்.” ஒரு இருமல். “வரேங்க.”

நேற்றுக் காலை அவள் வாசலில் நின்று சொன்னது. தூணுக்கு அடியில் கிடந்து அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. இருமலைக்கூட விடவில்லை. ‘வரேன்’ வேண்டும் என்று நேற்று நான் சொல்லிக்கொடுத்தேன் இல்லையா, தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறது.

மறுபடி சொல்கிறது. “வரேங்க.”

இதைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அரை மணியில் பேட்டரி காலி, பம்ப் நிற்கும், தெற்குக் காற்று வரும்போது வீடு சும்மா ஒரு டப்பா. அவள் காலில் வெட்டோடு நடந்துவந்து கொடுத்த வளையம் வீணாகும். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் திறக்காமல் இருந்தேன். அவள் இருந்தால் திறக்காதீங்க என்பாள். அவளே சொன்னாள், உள்ளயே இருங்க என்று.

“வரேங்க.”

அவள் கடைசியாகச் சொன்னது இதுவாக இருந்திருக்க வேண்டும். ஆறாவது தரம் கேட்கிறேன். ஒவ்வொரு தரமும் அவள் இன்னும் கிளம்பாத மாதிரி இருக்கிறது.

பதிவேட்டைச் சாமான் பெட்டியில் வைக்கப் போகிறேன். தொப்பித் துணியில் சுற்றி, அவள் கயிற்றாலேயே கட்டுவேன். அந்த முடிச்சு எனக்குப் போட வராது. இது அவிழ்ந்து ஈரமாகியிருந்தால் மன்னிக்கவும்.

நேற்று அவள் ‘வரேங்க’ என்றபோது நான் தாழ்ப்பாளுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதற்கு உரிய பதில் ஒன்று உண்டு. இப்போது சொல்லிவிட்டேன். மைக்கை அழுத்தி, நன்றாகக் கேட்கும்படி, ‘வா’ என்றேன்.

வெளியே அமைதியாக இருக்கிறது. காத்திருக்கிறது.

முதல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு வந்து இந்த வரியை எழுதுகிறேன். இரண்டாவதும் எளிதாக வந்தது. மூன்றாவதுதான் எப்போதும்